ஒற்றைக் காலில் நிற்றல்

புதன்கிழமைப் பிற்பகல்களில் எமது நகரசபையின் இசை நடனப் பள்ளி விறாந்தையிலே கிடக்கும் நீண்ட வாங்குதான் எனக்குரிய இடம். ஐந்து ஆண்டுகளாக அதில் அமர்ந்து வருகிறேன். கதவுக்கு அப்பால் என் மகள் பலே நடனம் பயில்கிறாள். இப்பால் இருக்கும் எனக்குப் பியானோவின் ஒலியும், ஆசிரியை எண்ணும் குரலும், மரத்தளத்திற் பாதங்கள் இறங்கும் ஓசையுமே கிடைக்கும். ஆண்டுக்கு இருமுறை மாத்திரம் பெற்றோரை உள்ளே அழைத்துச் சுவரோரமாக இருத்துவர்.

இவ்வாண்டு பெப்ரவரியில் அவ்வாறு அழைத்திருந்தனர். வகுப்பின் முற்பாதி சுவரோடு பொருத்திய கைப்பிடிச் சட்டத்தருகே நடந்தது. அதனைப் பிரெஞ்சில் ‘பார்’ என்பர். நாம் பிடிசட்டம் என்று வைத்துக்கொள்வோம். அதனைப் பற்றியிருந்தவரை எல்லாப் பிள்ளைகளும் அழகாகவே செய்தனர். பின்னர் மண்டபத்தின் நடுவுக்கு வந்தனர். ஒரு காலின் முன்பாதத்தில் உயர்ந்து, மற்றக் காலை மடித்து, அதன் விரல்நுனியை நிற்குங்காலின் முழங்காலருகே வைத்து, இரு கைகளையும் தலைக்கு மேலே வளைத்து நான்கு எண்ணிக்கை நிற்கவேண்டும். ‘ரெத்திரே’ என்பது அந்நிலையின் பெயர். மற்றப் பிள்ளைகள் நின்றனர். என் மகள் இரண்டாவது எண்ணிக்கையிலேயே கெந்தினாள். மறுபடியும் ஏறினாள், மறுபடியும் கெந்தினாள். சென்ற ஆண்டு இதே நிலையில் அவள் அசையாமல் நின்றதை இதே சுவரோரத்தில் இருந்து கண்டவன் நான்.

வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் அவள் யன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

“இனி நான் போகேல்லை அப்பா.”

“ஏன் பிள்ளை?”

“எனக்கு ஏலாது. போன வருசம் நிண்டனான்தானே. இப்ப காலெல்லாம் வேறை ஆற்றையோ கால் மாதிரிக் கிடக்கு.”

ஊரிலே பத்தாண்டுகளுக்கு மேலாக ஆசிரியத் தொழில் பார்த்தவன் நான். அத்தொழில் நாவிலே விட்டுச்சென்ற மறுமொழிகள் சில உண்டு. பயிற்சி போதாது என்றேன். கவனம் முழுவதும் கைத்தொலைபேசியிற் கிடக்கிறது என்றேன். யூன் மாதத்தில் முதலாம் வட்டத்தின் இறுதிப் பரீட்சை வருகிறது, இந்நேரத்தில் விட்டுவிடுவதா என்றும் கேட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை. நான் சொன்னது முற்றிலும் பிழை என்பது எனக்குத் தெரியவர இரண்டு கிழமைகள் சென்றன.

இவ்விடத்தில், எம்மவர் வீடுகளிலே என்னிடம் ஓயாது கேட்கப்படும் வினாவுக்கு விடை சொல்லிவிடுகிறேன். பரதம் இருக்க வெள்ளைக்காரரின் நடனம் எதற்கு என்பதே அது. எங்கள் நகரசபைப் பள்ளியிற் குடும்ப வருமானத்துக்கேற்பவே கட்டணம் அறவிடுவர். வீட்டிலிருந்து நடந்து செல்லும் தூரமில்லாவிடினும் ஒரு பேருந்தே போதும். முதற் காரணம் இவ்வளவுதான். மற்றது, இவ்விரு கலைகளும் ஒன்றையொன்று பகைத்தவையல்ல. ருக்மிணி தேவி அம்மையார் முதலிற் கற்றது பலே நடனமே. ரஷ்ய நர்த்தகி அன்னா பவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் அவர் பயின்றார். உங்கள் நாட்டுக் கலையையும் தேடுங்கள் என்று அவரைத் தூண்டியவர் பவ்லோவா. அதன் பின்னரே 1935 இல் அடையாற்றில் அம்மையாரின் அரங்கேற்றம் நிகழ்ந்தது. ஆயினும் நிற்கும் முறையில் இரண்டும் வேறு வேறு. பரதத்தில் அரைமண்டியில் இருந்து நிறையைத் தாழ்த்தி, முழுப் பாதத்தாலும் நிலத்தை அறைகிறோம். பலேயிலோ முழங்கால் நீண்டு, குதிகால் உயர்ந்து, நிறை மேலே மேலே போகிறது. நிலத்தைத் தொடும் பரப்போ சுருங்கிக்கொண்டே வருகிறது. பலே பயிலும் பிள்ளையின் தொல்லை முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

பிரெஞ்சு நடன ஆசான்கள் இந்த நிலைபேற்றுக்கு ‘அப்லோம்’ என்ற சொல்லை வழங்கினர். ‘பிளோம்’ என்றால் ஈயம். மேசன்மார் சுவர் நேராக எழுகிறதா என்று பார்ப்பதற்குத் தொங்கவிடும் தூக்குக்குண்டே அச்சொல்லின் மூலம். பொருத்தமான சொல்தான். நிற்பவரின் நிறை முழுவதும் ஒரு புள்ளியிற் குவிந்திருப்பதாகக் கொள்ளலாம். நேராக நிற்கும்போது அப்புள்ளி தொப்புளுக்குச் சற்றுக் கீழே, உடலின் உள்ளே இருக்கும். அங்கிருந்து ஒரு தூக்குநூலைத் தொங்கவிட்டால் குண்டு பாதத்தின் எல்லைக்குள் விழவேண்டும். இரண்டு பாதங்களையும் அகட்டி நின்றால் எல்லை பெரிது. ஒற்றைப் பாதத்தில் அது ஒரு செருப்பின் அளவு. குதிகாலை உயர்த்தினால் முன்பாதம் மாத்திரமே. ‘புவாந்த்’ எனப்படும் விறைத்த நுனியுடைய சப்பாத்தில் ஏறிவிட்டாலோ ஒரு தீப்பெட்டியின் முகப்பளவு கூடத் தேறாது. 1832 இல் பாரிஸ் ஒப்பராவில் மரி தக்லியோனி ‘லா சில்பீத்’ நடனத்தில் விரல்நுனியில் நின்று காண்போரை வியக்கவைத்தபோது அவருடைய சப்பாத்தில் இன்றுள்ள விறைத்த நுனிகூட இருக்கவில்லை. நூலால் இழையோடித் தைத்த மெல்லிய பட்டுத்தான் இருந்தது.

இவ்வளவையும் வாசித்ததும், அசையாது நின்றால் குண்டும் உள்ளேயே நிற்குமே என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. எவராலும் அசையாது நிற்க முடியாது என்பதே உண்மை. மூச்சு விடுகிறோம், இதயம் அடிக்கிறது, நாலைந்து கிலோ நிறையுள்ள தலை ஒரு மெல்லிய கழுத்தின் மேல் இருக்கிறது. உடல் எப்போதும் ஏதாவதொரு பக்கம் விழுந்துகொண்டே இருக்கிறது. கணுக்காலைச் சுற்றியுள்ள தசைகள் ஓயாது அதனைத் திருப்பிக்கொண்டே இருக்கின்றன. சிறுவயதிலே தும்புத்தடியை உள்ளங்கையில் நிறுத்தி விளையாடியவர்களுக்கு இது விளங்கும். தடி எப்பக்கம் சாய்கிறதோ அப்பக்கமாகவே கையைக் கொண்டுபோக வேண்டும். கையை விறைப்பாகப் பிடித்தால் தடி விழுந்துவிடும். பாதமும் அதனையே செய்கிறது: உடல் பெருவிரற் பக்கம் சாய்ந்தால் நிலத்தை அழுத்தும் இடமும் பெருவிரற் பக்கம் ஓடுகிறது, சின்னவிரற் பக்கம் சாய்ந்தால் அப்பக்கம் ஓடுகிறது. தேர்ந்த நர்த்தகி ஒருவரின் ஒளிப்பதிவை எடுத்து அவர் ஒற்றைக் காலில் நிற்கும் கணத்திற் கணுக்காலை மாத்திரம் பாருங்கள். சிலைபோல் நிற்கிறார் என்று நாம் மெச்சும் அந்த வேளையில் அங்கே ஒரு சிறு துடிப்பு நிற்காமல் நடந்துகொண்டிருக்கும்.

அந்தத் துடிப்புக்கு ஆணை பிறப்பிப்பது யார்? உடலுக்கு மூன்று வழிகளிற் செய்தி வருகிறது. கண் ஒன்று. உட்காதிலுள்ள மூன்று அரைவட்டக் கால்வாய்களும் அவற்றின் அருகேயுள்ள நுண்ணிய கற்றுகள்களும் மற்றொன்று; தலை திரும்புவதையும் சாய்வதையும் அவை அறிவிக்கும். மூன்றாவது, தசைகளிலும் மூட்டுகளிலும் உள்ளங்காலின் தோலிலும் இருந்து வரும் செய்தி. கண்ணை மூடிக்கொண்டும் எங்கள் முழங்கால் மடிந்திருக்கிறதா நீண்டிருக்கிறதா என்று சொல்ல முடிவது இதனாலேயே. இம்மூன்றையும் மூளை ஒப்பிட்டுப் பார்த்துக் கணத்துக்குக் கணம் கணக்கைச் சரிசெய்கிறது. கண்ணை மூடச்சொல்லி நோயாளியின் தள்ளாட்டத்தைக் கவனிக்கும் சோதனையை ஜேர்மனிய வைத்தியர் றொம்பேர்க் 1846 அளவில் விவரித்தார். இன்றும் அவர் பெயராலேயே அது வழங்குகிறது.

பயிற்சி இந்தக் கணக்கை மாற்றுகிறது என்பதற்குச் சான்றும் உண்டு. 2013 இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியினர் 29 பலே நர்த்தகிகளையும், படகு வலிக்கும் 20 பெண்களையும் ஒப்பிட்டனர். கதிரையிற் சுழற்றி நிறுத்திய பின் நர்த்தகிகளுக்குத் தலைச்சுற்று விரைவாகத் தணிந்தது. உட்காதின் செய்தியைப் பெறும் சிறுமூளைப் பகுதியும் அவர்களிடம் வேறுபட்டிருந்தது.

இவையெல்லாம் வாசித்து அறிந்தவை. அறிந்தபின் ஓரிரவு, எல்லோரும் படுத்ததும், நானே குசினியில் ஒற்றைக் காலில் நின்று பார்த்தேன். ஐம்பத்தாறு வயது. வலது காலிற் பத்து விநாடி நின்றேன். இடது காலில் ஆறாவது விநாடியில் குளிர்ப்பெட்டியைப் பிடித்தேன். கண்ணை மூடியபோது எண்ணுவதற்கே நேரமிருக்கவில்லை. பேருந்திற் பிள்ளைக்கு வழங்கிய உபதேசம் அப்போது நினைவுக்கு வந்தது.

எம் வயதினர் இதனை வேடிக்கையென்று தள்ளிவிடவும் கூடாது. 2022 இல் வெளியான பிரேசில் நாட்டு ஆய்வொன்றில் 51 முதல் 75 வயது வரையான 1702 பேரைப் பத்து விநாடி ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார்கள். மூன்று தடவை முயலலாம். ஐவரில் ஒருவரால் முடியவில்லை. பின்வந்த ஆண்டுகளில் அந்த ஐந்திலொரு பங்கினரிடையே மரணம் கூடுதலாக இருந்தது. நிற்க முடியாமையே மரணத்துக்குக் காரணம் என்று எவரும் இதிலிருந்து முடிவு கட்டலாகாது. அவர்களிற் பலருக்கு வேறு நோய்களும் இருந்தன. ஆனால் ஆரோக்கியம் குறைவதை முதலில் அறிவிக்கும் இடங்களில் இதுவும் ஒன்று.

மகளின் கதைக்கு வருகிறேன். வகுப்பு முடிந்தபின் ஆசிரியையைச் சந்திக்க நேரம் கேட்டேன். எனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில் என் குறைகளை அடுக்கினேன்: பயிற்சி செய்வதில்லை, கவனமில்லை, முன்னேற்றம் பின்னோக்கிப் போகிறது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரேயொரு கேள்வி கேட்டார்.

“சென்ற ஆண்டு இந்நேரத்திலிருந்து இவள் எவ்வளவு வளர்ந்திருக்கிறாள்?”

எங்கள் வீட்டு அறைக்கதவின் நிலையில் பிறந்தநாள் தோறும் பென்சிலால் கோடிடுவது மனைவியின் வழக்கம். அன்றிரவு அளந்தோம். சென்ற பிறந்தநாட் கோட்டுக்கும் தலையின் உச்சிக்கும் இடையில் எட்டு சென்ரிமீற்றர் இருந்தது.

பன்னிரண்டு வயதையொட்டிய பெண்பிள்ளைகளுக்கு இது இயல்பான வளர்ச்சிதான். முதலில் பாதமும் கையும் பெருக்கும். அடுத்து கால்கள் நீளும். கடைசியில்தான் முண்டம் வந்து சேரும். எலும்பு நீளும் வேகத்துக்குத் தசையின் வலிமை உடனே ஈடுகொடுப்பதில்லை. ஒரு கால் உடல் நிறையில் ஏறத்தாழ ஆறிலொரு பங்கு. அந்தப் பங்கு முன்னிலும் தூரத்தில் நீட்டப்படும்போது இடுப்பும் முதுகும் முன்னிலும் அதிகமாகத் தாங்கவேண்டும். மூளையோ இன்னும் பழைய காலின் நீளத்தை வைத்தே கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது. வேறு ஆற்றையோ கால் மாதிரிக் கிடக்கு என்று பிள்ளை சொன்னதைவிடத் துல்லியமாக இதனை எந்த வைத்தியரும் சொல்லியிருக்க முடியாது. கேட்கும் காது எனக்கு இருக்கவில்லை.

ஆசிரியை இரண்டு முடிவுகள் எடுத்தார். காலைத் தூக்கும் உயரத்தைக் குறைத்துக்கொண்டு, குதிகாலை உயர்த்தாமல் முழுப்பாதத்தில் முதலில் நின்று பழகவேண்டும். அடுத்தது, அண்மையில் வாங்கிய புவாந்த் சப்பாத்தை மூன்று மாதங்களுக்கு எடுத்து வைக்கவேண்டும். முதலாவதை மகள் ஏற்றாள். இரண்டாவதைக் கேட்டதும் அழுதாள். அந்தச் சப்பாத்துக்காக அவள் எத்தனை மாதம் காத்திருந்தாள் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனாலும் ஆசிரியை அசையவில்லை. இன்று அவருக்கு நன்றி சொல்கிறேன்.

எம்மவரிற் சிலர் பிள்ளைக்கு விரைவில் புவாந்த் வாங்கிக்கொடுக்கும்படி நடனப் பள்ளிகளை நெருக்குவதுண்டு. அவர்களுக்காக ஒன்று கூறவேண்டும். பாதத்தில் 26 எலும்புகள் உள்ளன; சிறுவயதில் அவை முழுதும் இறுகியிருப்பதில்லை. பிரான்சில் 1989 ஆம் ஆண்டு யூலை 10 ஆம் திகதிய சட்டப்படி, பலே நடனத்தைக் கூலி பெற்றுக் கற்பிப்பவரிடம் அரச தராதரப்பத்திரமோ அதற்கு ஈடாக ஏற்கப்பட்ட தகுதியோ இருக்கவேண்டும். நான்கு, ஐந்து வயதில் உடலை உணரும் விளையாட்டுப் பயிற்சி, ஆறு, ஏழு வயதில் அறிமுகம். எட்டு வயதுக்கு முன் அந்நடனத்துக்கேயுரிய நுட்பங்களைப் பயிற்றலாகாது. புவாந்த் அதற்கும் பல ஆண்டுகள் பின்னர். யாரிடம் பிள்ளையை அனுப்பினாலும் அவருடைய தராதரப்பத்திரத்தைக் காட்டும்படி கேட்பதற்குப் பெற்றோருக்கு உரிமை உண்டு. கேட்கக் கூச்சப்படவேண்டாம்.

அதன்பின் மூன்று மாதங்கள் எங்கள் குசினியே நடனசாலையாயிற்று. இரவுச் சாப்பாடு முடிந்து கோப்பைகள் கழுவியபின் பத்து நிமிடம். கழுவுதொட்டியின் விளிம்பு பிடிசட்டம். இருவரும் வெறுங்காலுடன் நிற்போம். ஆசிரியை சொல்லியனுப்பியவற்றை அவள் எனக்குக் கற்பித்தாள். கற்பிப்பவர் விரைந்து கற்பார் என்பதை நான் தொழிலிற் கண்டிருக்கிறேன், ஆகையால் எதுவும் தெரியாதவன்போல் இருந்தேன். உண்மையில் எனக்கு எதுவும் தெரிந்திருக்கவுமில்லை.

முதலிற் பாதம். குதிகால், பெருவிரலின் அடி, சின்னவிரலின் அடி ஆகிய மூன்று இடங்களும் நிலத்தில் சமமாகப் பதியவேண்டும், முக்காலியின் மூன்று கால்களைப் போல. விரல்கள் நீண்டு கிடக்கவேண்டும். தடுமாறும் எவரும் முதலிற் செய்வது விரல்களை மடக்கி நிலத்தைக் கவ்வுவதுதான். கவ்வியதும் அந்த மூன்று இடங்களின் அழுத்தம் குலைகிறது, கணுக்கால் பூட்டுப் போட்டதுபோல் ஆகிறது, மேலே சொன்ன துடிப்புக்கு இடமில்லாமற் போகிறது. என் இடது கால் ஆறாவது விநாடியிற் தோற்றதன் காரணம் இதுவே. என் விரல்கள் நகம் வெளுக்கக் கவ்விக்கொண்டிருந்ததை அவள்தான் காட்டினாள்.

அடுத்தது இடுப்பு. இரு காலில் நிற்கும்போது நிறை நடுவிலே இருக்கிறது. ஒரு காலை எடுக்குமுன் அந்த நிறையை நிற்கப்போகும் காலின் மேலே கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும். சில சென்ரிமீற்றர் தூரந்தான். பழகாதவர் காலை முதலில் எடுத்துவிட்டுப் பிறகே உடலைக் கொண்டுபோகப் பார்ப்பர். அதற்குள் உடல் விழத் தொடங்கியிருக்கும். “முதல் போய்ச் சேருங்கோ அப்பா, பிறகு காலை எடுங்கோ” என்று மகள் நாளுக்கு நாலு தடவை சொல்வாள். சேர்ந்தபின் அந்த இடுப்பிலே தொய்ந்து உட்காரவும் கூடாது. பேருந்துக்குக் காத்து நிற்கும்போது ஒரு பக்க இடுப்பை வெளியே தள்ளிச் சாய்ந்து நிற்கிறோமே, அப்படி நின்றால் மறுபக்க இடுப்பு கீழே இறங்கிவிடும். இடுப்பின் பக்கவாட்டிலுள்ள தசை அதனைச் சமமாகத் தாங்கவேண்டும். அந்தத் தசை தளர்ந்தால் எவ்வளவு உறுதியான பாதமும் உதவாது.

காலைப் பின்னே நீட்டும் ‘அரபெஸ்க்’ நிலையில் இன்னொரு கணக்கு. பின்னே ஆறிலொரு பங்கு நிறை போனால் முன்னே அதற்கு ஈடு போகவேண்டும். ஆகவே நெஞ்சு சற்று முன்னே செல்கிறது; அதே வேளை முதுகின் மேற்பகுதி நிமிர்ந்து எழுகிறது. வளரும் பிள்ளைகள் காலின் உயரத்தையே கண்ணாடியிற் பார்த்துக்கொண்டு நெஞ்சைப் பின்னே விட்டுவிடுவர். பார்வையும் முக்கியம். எதிரே கண்மட்டத்தில் அசையாத ஒன்றைப் பார்க்கவேண்டும். எங்கள் குசினியில் அது நாட்காட்டியின் மேலிருந்த ஆணி. கண்ணாடியிலுள்ள தன் உருவத்தைப் பார்த்தால் பயனில்லை. தான் அசையும்போது அதுவும் அசையும்.

மூச்சையும் சொல்லவேண்டும். ஒற்றைக் காலில் ஏறியதும் எல்லோரும் மூச்சைப் பிடிக்கின்றனர். நாங்கள் எண்ணிக்கையை வாய்விட்டுச் சொன்னோம். சொல்லும் வாய் மூச்சைப் பிடிக்க முடியாது. இந்த உபாயம் மாத்திரம் என்னுடையது. ஏழாம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவனுக்கு இதுகூடத் தோன்றாதா?

எல்லாவற்றிலும் கடினம் விளிம்பிலிருந்து கையை எடுப்பது. பிடிசட்டத்தருகே நிற்பவர் தாம் நிற்பதாக எண்ணுவார். நிறையின் ஒரு பங்கைக் கை தாங்கிக்கொண்டிருப்பதை அவர் அறியார். ஆசிரியையின் முறை இது: முதலில் உள்ளங்கை, பிறகு நான்கு விரல், பிறகு இரண்டு, பிறகு ஒரு விரல்நுனி. அதன்பின் கையை விளிம்புக்கு மேலே ஒரு சாண் அளவில் மிதக்கவிடவேண்டும். பாரிஸ் ஒப்பராவின் புகழ்பெற்ற நர்த்தகியாகிய வில்பிரீட் பியோலே, 2015 இற் காலமானவர், ஒரு படி மேலே சென்று பிடிசட்டத்தையே பயிற்சியிலிருந்து நீக்கிவிட்டார். வெளியேயுள்ள சட்டத்துக்குப் பதிலாக உடலுக்குள்ளேயே வளையும் சட்டங்களை மனத்தாற் கற்பனை செய்யும் முறையொன்றை அவர் வகுத்தார். பெரும்பாலான பள்ளிகள் பிடிசட்டத்தைக் கைவிடவில்லை. கைவிடவேண்டுமென்று நானும் சொல்லமாட்டேன். ஆயினும் அதனைப் பிடித்துக்கொண்டு கற்றது ஒரு பாடம், விட்டபின் கற்கவேண்டியது வேறொரு பாடம் என்று அவர் கண்டது சரியே.

ஏப்ரல் மாதத்து முதல் ஞாயிறு மகளை ஓர்சே அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றேன். மாதத்தின் முதல் ஞாயிறுகளில் அங்கே கட்டணம் இல்லை, முன்பதிவு மாத்திரம் செய்யவேண்டும். ஓவியர் தெகா மெழுகிலே செய்துவைத்திருந்த நர்த்தகியரின் உருவங்கள் 1917 இல் அவர் இறந்தபின் வெண்கலத்தில் வார்க்கப்பட்டவை. ஒற்றைக் காலில் அரபெஸ்க்கில் நிற்கும் சிறு உருவங்கள் அவற்றிற் பல. அழகுக்காக மெருகிட்டவை அல்ல. பார்த்தால் அடுத்த கணம் விழப்போவதுபோல் இருக்கும். மகள் ஒன்றின் முன் நெடுநேரம் நின்றாள். “இவளும் நெஞ்சைப் பின்னுக்கு விட்டிட்டாள் அப்பா” என்றாள். கலைப்பட்டதாரியாகிய எனக்கு அந்த விமர்சனம் தோன்றியிருக்காது.

அவளுக்கு நான் காட்டிய மற்றொன்று ‘துயிலும் அழகி’ நடனத்தில் வரும் ரோஜா அடாஜியோ. சைக்கோவ்ஸ்கியின் இசைக்கு மாரியுஸ் பெத்திபா அமைத்து, 1890 இல் சென்ற் பீற்றர்ஸ்பேர்க் நகரில் முதலில் ஆடப்பட்டது. இளவரசி அரோராவின் பிறந்தநாளுக்கு நான்கு இளவரசர்கள் வருகின்றனர். இறுதியில் அவள் ஒற்றைக் கால் நுனியில், மற்றக் காலைப் பின்னே மடித்து உயர்த்திய ‘அத்தித்யூட்’ நிலையில் நிற்க, ஒருவர் அவள் கையைப் பற்றி அவளை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கையை விடுகிறார். அவள் தனியே நிற்கிறாள். பின்னர் அடுத்தவர் கை. இப்படி நால்வர்; இவ்வளவும் காலை இறக்காமலே. (பின்னே மடித்த அந்தக் காலின் வடிவத்தைத் தாம் ஜோவன்னி த பொலோஞ்ஞா செய்த மேர்க்குரி சிலையிலிருந்து பெற்றதாக நடன ஆசான் கார்லோ பிளாசிஸ் எழுதியுள்ளார். கல்லும் உலோகமும் உடலுக்குப் பாடம் சொல்வது எங்கள் கோயில்களில் மாத்திரம் நடந்ததன்று.)

1946 பெப்ரவரி 20 ஆம் திகதி லண்டன் கொவென்ற் கார்டன் ஒப்பரா மண்டபம் போருக்குப்பின் மீளத் திறக்கப்பட்டபோது ஆடப்பட்டதும் இதே நடனந்தான். போர்க்காலத்தில் அம்மண்டபம் பொதுமக்கள் சோடியாக ஆடும் கூடமாக இருந்தது. அன்றிரவு அரோராவாக நின்றவர் மார்கொட் பொன்ரெயின். 1955 இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக அவர் ஆடிய பதிவு கிடைக்கிறது. அதனைப் பார்க்கும்போது இளவரசர்களின் கையைக் கவனி என்று மகளிடம் சொன்னேன். கை தரப்படும் இடம் சற்று உயர்ந்தாலோ தாழ்ந்தாலோ அவள் விழவேண்டியதுதான். அவளோ திரும்பத் திரும்ப ஒரே இடத்தை ஓடவிட்டு வேறொன்றைக் கண்டுபிடித்தாள். கையை விடும்போது பொன்ரெயின் அந்தரப்படவில்லை; விரல்களை மெல்ல எடுத்துக் கையை மேலே கொண்டுபோகிறார். அடுத்த கையையும் பறித்துப் பிடிக்கவில்லை. “அவவுக்குப் பயமில்லை எண்டு இல்லை. பயத்தை விரலுக்கு விடேல்லை” என்றாள்.

மே மாத நடுவில் முழுப்பாதத்தில் இருபது எண்ணிக்கை நின்றாள். மாத இறுதியில் முன்பாதத்தில் நான்கு. சப்பாத்து இன்னும் பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

யூன் மாதப் பரீட்சையன்று பெற்றோருக்கு அனுமதியில்லை. நான் வழக்கமான வாங்கில் இருந்தேன். பியானோ நிற்பதும் தொடங்குவதும் கேட்டது. வெளியே வந்தவள் நடந்ததைச் சொன்னாள். ரெத்திரேயில் நான்கு எண்ணிக்கையும் நின்றுவிட்டாளாம். அரபெஸ்க்கில் மூன்றாவதிலே தள்ளாடிக் குதிகாலை இறக்கி, மறுபடி ஏறி முடித்தாளாம். பரீட்சகர்களின் குறிப்பு ஒரு கிழமை கழித்து வந்தது: இவ்வட்டத்தில் இன்னும் ஓராண்டு இருப்பது நல்லது, வளர்ச்சி நிதானமடைந்தபின் மேலே செல்லலாம். பழைய நானாக இருந்தால் அதனைச் சித்தியெய்தாமை என்று வாசித்திருப்பேன். மனைவிக்கு மனம் சற்றுச் சோர்ந்தது உண்மை. தோழிகள் மூவர் மேல் வகுப்புக்குப் போகின்றனர் என்பதில் மகளுக்கும் கவலை இருந்தது.

செப்ரெம்பர் மாதத்துக்கான மீள்பதிவுப் படிவம் இரண்டு நாட்கள் மேசையிற் கிடந்தது. மூன்றாம் நாள் இரவு நான் வேலையால் வந்தபோது அதனை அவளே நிரப்பி, கையொப்பமிடும் இடத்திற் பென்சிலாற் புள்ளடி போட்டு வைத்திருந்தாள். கதவுநிலையில் புதிய கோடொன்றும் இருந்தது; முன்னையதிலிருந்து ஒன்றரை சென்ரிமீற்றர். குசினிக்குள் அவள் இடது காலில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் வாயில் நுரையோடு, என் இடது காலைக் கண்ணாற் காட்டினாள். பையை இறக்கிவைத்துவிட்டுச் சப்பாத்தைக் கழற்றினேன். அன்று ஒன்பது விநாடி.